பத்தரை முதல் பன்னிரண்டு வரை

"கண்டேன் மக்ளே, கண்டேன்! சங்குமுகம் கடற்கரையில நின்னு கண்டேன். உள்ளதைச் சொன்னா, கண்ணு நிறைஞ்சு போச்சு."

போனில் அப்பா சத்தியநேசனின் குரல் இடறியது.

ஷெமி அந்தச் சின்ன விமானத்தின் இறக்கை நிழலில் நின்றிருந்தாள். இன்ஜின் ஆறிக் கிடந்தது. அவள் இன்னும் தரையை விட்டு எழும்பவே இல்லை.

காலை பத்து மணிக்கு அவள் முதன்முறையாகத் தனியாகப் பறப்பதாக இருந்தது. பக்கத்தில் பயிற்சியாளர் இருக்க மாட்டார். ஏறி, கடல் மேலே ஒரு சுற்று வந்து, இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

மழையால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அப்பா ஷார்ஜாவுக்குத் திரும்பும் நாளை ஒரு வாரம் நீட்டியிருந்தார். அதற்கு மேல் லீவு கிடைக்கவில்லை. இன்று மதியம் ஒன்று இருபதுக்கு அவருடைய விமானம். இனி வருவதற்கு இரண்டு வருஷமாகும்.

பாறசாலையிலிருந்து பெட்டியோடு கிளம்பி, கடற்கரையில் நின்று மகள் பறப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே ஆட்டோ பிடித்து ஏர்போர்ட்டுக்குள் போய்விடுவது என்று ஏற்பாடு.

இன்றைக்கென்று பார்த்துத் தும்பாவில் ஓர் ஆராய்ச்சி ராக்கெட் விடுகிறார்கள். பத்தரை முதல் பன்னிரண்டு வரை இந்தப் பக்கத்து வானத்தில் எந்த விமானமும் பறக்கக் கூடாது என்று விமானிகளுக்கு அறிவிப்பு வந்திருந்தது. பத்து மணிக்கு ஏறினால் பத்தேகாலுக்குள் இறங்கிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் வானம் மூடுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று மூன்று பெரிய விமானங்கள் அடுத்தடுத்து வந்தன. சின்னது காத்திருக்கட்டும் என்றது கட்டுப்பாட்டுக் கோபுரம்.

ஷெமி காத்திருந்தாள்.

மூன்றாவது விமானம் ஓடுபாதையை விட்டு விலகியபோது மணி பத்து முப்பத்திரண்டு.

அப்பா கண்டது கூடப் பயிலும் மகேஷ்குமாரை. இவளுக்கு முந்தி ஏறியவன் அவன். அதே விமானம்தான், உள்ளே இருப்பது யார் என்று கீழே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

"பக்கத்துல நின்னவங்ககிட்ட எல்லாம் சொன்னேன், அது எங்க மோளாக்கும்னு!"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவருக்குப் பின்னால் டிராலிகள் உருளும் சத்தம் கேட்டது. ஏர்போர்ட் வாசலில் நிற்கிறார். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனால் முடிந்தது.

"நல்லா இருந்துச்சாப்பா?"

"என்ன கேள்வி கேக்குற! பருந்து மாதிரில்லா போச்சு!"

போனை வைத்துவிட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பயிற்சியாளர் கேப்டன் சேஷன் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ராக்கெட்டும் சொன்ன நேரத்துக்குப் போகவில்லை. தடை போட்ட கடல் எல்லைக்குள் ஒரு மீன்பிடி வள்ளம் வந்துவிட்டதாம். அதை விலக்கும்வரை வானத்துத் தடையையும் நீட்டினார்கள். பன்னிரண்டே காலுக்குத்தான் வடக்கே தென்னைகளுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. உறுமல் சற்றுப் பிந்தி வந்தது.

வானம் திறந்தது. காத்துக் கிடந்த பெரிய விமானங்கள் எல்லாம் இறங்கி முடிய மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

சேஷன் கம்பத்தில் ஆடும் காற்றுப் பையைப் பார்த்தார். "கடல் காத்து ஏறிடுத்து. ஆனா உன்னால முடியும். பக்கத்து சீட் காலியா இருக்கும், அங்க மட்டும் பாக்காதே. போய்ட்டு வா."

அவள் ஒருத்தி மட்டும் இருந்ததால் விமானம் நினைத்ததைவிடச் சீக்கிரமே மேலே தூக்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடல் மேலே வந்ததும் காற்று இறக்கையைப் பிடித்து உலுக்கியது, சிரிப்பு நின்றது. ஒரு பக்கத்தை நிமிர்த்தினால் மறுபக்கம் சரிந்தது.

இறங்க அனுமதி கேட்டாள்.

ஷார்ஜா விமானம் புறப்படுகிறது, அது போகும்வரை கடல் மேலேயே வட்டமடி என்றது கோபுரம்.

கோபுரம் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஷார்ஜா என்ற சொல்லில் அவள் குரல் தடுமாறியது.

பெரிய விமானம் ஓடுபாதையில் ஓடி, மூக்கைத் தூக்கி, கடலை எட்டியதும் திரும்பி, அவளைத் தாண்டி உயர்ந்தது. ஜன்னல்கள் வரிசையாகப் புள்ளிகளாகத் தெரிந்தன. எந்தப் புள்ளியில் அப்பா என்று தேடுவதற்குள் காற்று மறுபடியும் உலுக்கியது. அவள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு குதி குதித்துத்தான் இறங்கினாள். தனியாகப் பறந்து வந்தவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி மகேஷ்குமார் ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கொட்டினான். முகம் நனைந்திருந்ததற்கு அது ஒரு காரணமாயிற்று.

அந்திக்கு வாட்ஸ்அப்பில் அப்பாவின் குரல் வந்தது.

"மக்ளே, வந்து சேர்ந்தாச்சு, அம்மாட்ட சொல்லு. பின்ன, எங்க பிளேன் மேல பொங்கினப்போ ஜன்னல் வழியா ஒரு சின்ன பிளேனைக் கண்டேன். உங்க ஸ்கூலாத்தான் இருக்கும். என்ன ஒரு ஆட்டம்! கண்டுட்டு இருக்க முடியல. நீ போனது எவ்வளவு அழகு! இது யாரு பெத்த பிள்ளையோ, பாவம், பத்திரமா எறங்கணுமேன்னு கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டே இருந்தேன்."

ஷெமி அதை மூன்று முறை கேட்டாள். பிறகு பதில் எழுதினாள்.

"பத்திரமா எறங்கியாச்சுப்பா."