வழியனுப்பு விழா

"குஞ்சு உடறதுக்குக் கட்டுன கோழிக்கொட்டாய் சாமி இது. அக்காளும் தம்பியும் சேர்ந்து பேயோட்டற எடமாக்கிப்புட்டீங்க."

வாசலிலேயே நின்றுகொண்டு அர்த்தநாரி மாமா காதில் விரலை விட்டுக் குடைந்தார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த இளவழகன் குச்சிகளை மடியில் வைத்தான். வெண்ணிலா மட்டும் கிதாரைக் கழற்றவில்லை.

"பாட்டு புடிக்கலீங்களா மாமா?"

"பாட்டா? நாமக்கல்லுல மண்டபம் புடிச்சுக் கச்சேரி வெச்சீங்களே, கேட்டவன் யாரு? மைக்செட்டுக்காரன். அவனும் எதுக்கு உக்காந்திருந்தான்? முடிஞ்சா வயரைச் சுத்தி எடுத்துக்கிட்டுப் போலாம்னு."

பின்னால் நின்ற லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். முட்டை லாரிகளும் பண்ணைகளும் வைத்திருக்கும் மாமாவின் பேச்சுக்குச் சிரிக்க மோகனூரில் எப்போதும் ஆள் உண்டு. அப்பா இல்லாத வீட்டில் எல்லா முடிவும் அம்மாவின் அண்ணனான அவருடையதுதான். அவர்கள் வாசித்துப் பழகும் இந்தக் கொட்டகையும் அவருடையது.

"ராக் பாட்டு நம்மூர்ல ஆருக்கும் தெரியாதுங்க மாமா. வெளிநாட்டுல போயி..." என்று ஆரம்பித்தான் இளவழகன்.

"உள்ளூர்ல வெலபோகாத மாடு, வெளியூர்ச் சந்தையில மட்டும் வெலபோயிருமாக்கும்? தை பொறந்தா நான் குஞ்சு உடோணும். அதுக்குள்ள இந்தத் தட்டுமுட்டெல்லாம் அள்ளிக்கோங்க. உங்கக்காளுக்கு எடம் பார்த்தாச்சு. நீ லாரியில ஏறிக்க."

இளவழகனுக்கு முகம் எரிந்தது. அக்கா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தான்.

"செரிங்க மாமா," என்றாள் அவள்.

மாமாவின் ஏச்சைவிட அந்தச் 'செரி'தான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

அந்த வாரக் கடைசியில் வெண்ணிலா கொட்டகைக்குள் வந்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "நார்வேயில ஒரு இசை விழாவுக்கு நம்மளக் கூப்பிட்டிருக்காங்கடா தம்பி," என்றாள்.

இளவழகன் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான். கண்ணைத் துடைக்காமலேயே அம்மாவிடம் சொல்ல ஓடினான். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே ஓடியதில், பொழுது சாய்வதற்குள் காவிரிக்கரை வரைக்கும் சேதி போய்விட்டது.

மறுநாள் காலையில் மாமா மாலையோடு வந்து நின்றார்.

"எனக்கு அப்பவே தெரியும். நம்ம ரத்தம் சோடை போவுமா? ஊரே அசந்து போறாப்புல வழியனுப்பு விழா ஒண்ணு வெச்சுப்போடலாம்."

"அதெல்லாம் எதுக்குங்க மாமா," என்று வெண்ணிலா இழுத்தாள். அவள் இழுக்க இழுக்க, மாமா மேடையின் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

விழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. ஃபிளெக்ஸில் மாமா ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வெண்ணிலாவும் இளவழகனும் அவருடைய முழங்கைக்குக் கீழே தபால்தலை அளவுக்கு இருந்தார்கள். தான் மாலை வாங்குவது எல்லாப் பக்கத்திலிருந்தும் படத்தில் விழவேண்டும் என்று, ஈரோட்டிலிருந்து கல்யாண வீடியோக்காரர்களை வேறு வரவழைத்திருந்தார்.

"இந்தக் கொளந்தைங்களுக்குப் பாட்டுன்னா உசுருன்னு மொதல்ல கண்டுபுடிச்சது நான்தானுங்க," என்று மைக்கில் தொண்டையைக் கனைத்தார் மாமா. லாரி டிரைவர்கள் கைதட்டினார்கள்.

இளவழகன் அக்காவின் காதருகே குனிந்தான். "இந்த மனுசன் முன்னால வாசிக்கவே புடிக்கலக்கா."

"அவரை எதுக்குப் பார்க்கற? கூட்டத்தைப் பார்த்து வாசி," என்றாள் வெண்ணிலா.

வாசித்தார்கள். முதல் பாட்டு யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் வெள்ளைக்காரனுக்கே பிடித்த பாட்டாயிற்றே என்று எல்லோரும் பெரிதாகத் தலையாட்டினார்கள். முன்வரிசைப் பெரிய மனிதர் ஒருவர் தாளம் தப்பித் தொடையில் தட்டினார். அடுத்த பாட்டில் பையன்கள் எழுந்து நின்றார்கள். கடைசிப் பாட்டில் வெண்ணிலாவின் குரல் மெல்ல ஏறி உச்சியில் நின்றபோது, மைதானமே செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து ஆடியது. அதில் நடிப்பு இல்லை. இளவழகன் அதுவரை அப்படி வாசித்ததில்லை.

முடிந்ததும் டிரம்ஸைக் கழற்றிக் கட்டிவைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினான். வெண்ணிலா வீடியோக்காரரின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஆடும் கூட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் பேச்சு முழுவதையும் வெட்டி எறிந்திருந்தாள்.

"அக்கா, விசாவுக்கு எப்பப் போவோணும்?"

"மொதல்ல அவங்க கூப்பிடட்டும்டா தம்பி," என்றாள் திரும்பாமலே.

இளவழகனுக்கு வியர்வை சட்டென்று குளிர்ந்தது. மேடையில் மாமா இன்னும் சால்வை வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப... எங்கிட்டயும் பொய்யாக்கா?"

"உனக்குப் பொய் சொல்லத் தெரியாதே. கூட்டத்துக்கு முன்னால வாசிச்ச வீடியோ இல்லாம விண்ணப்பத்தையே பார்க்க மாட்டோம்னு எழுதிட்டாங்க. நம்ம பாட்டுக்குன்னா இந்த ஊர்ல ஒருத்தன் வரமாட்டான், வெள்ளக்காரன் கூப்பிட்டுட்டான்னா ஊரே வரும். வந்துருச்சு பாரு, இப்பத்தான்டா அனுப்பறேன்."