மூன்று எட்டு

ஓவியர் வடிவு தன் படம் வரையும் அறையை ஒழுங்குபடுத்தக் கிளம்பியதும் இஞ்ச் டேப்புக்குத் தலைகால் புரியவில்லை. சுவர், மேசை, ஜன்னல் என்று ஓடி ஓடி அளந்தது.

"கேன்வாஸ் ஸ்டாண்டுக்கு முன்னால ஆறடி இடம் சும்மா கிடக்கு. அலமாரியைக் கிட்டக்க இழுத்துப் போட்டா எல்லா பெயிண்ட் டப்பாவும் கைக்கெட்டும்" என்றது.

"அது சும்மா கிடக்கிற இடம் இல்லண்ணே" என்றது பழைய பிரஷ். "வரையறப்போ அவங்க அடிக்கடி..."

"நீ அளந்தியா? நான் அளந்தேன்" என்று அதன் வாயை அடைத்தது டேப்.

டேப் சொன்னபடியே அலமாரி வந்து நின்றது. டப்பாக்கள் வரிசையாக ஏறின.

மறுநாள் வடிவு ஒரு முகத்துக்குக் கண் வரைந்தாள். எட்ட நின்று பார்க்க, வழக்கம்போல் பின்னால் மூன்று எட்டு வைக்கப் போனாள். இரண்டாம் எட்டிலேயே முதுகு அலமாரியில் இடித்தது. நீல டப்பா கவிழ்ந்து பெயிண்ட் அவள் தலை முழுக்க வழிந்தது.

அவள் அலமாரியைத் தள்ளிவிட்டு, மூன்று எட்டு பின்னால் நடந்து, குதிகால் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அலமாரியை நிறுத்தினாள். டேப்பைத் தொடவேயில்லை.

"பார்த்தியா, சரியா ஆறடி" என்றது டேப் பிரஷ்ஷிடம். "நான்தான் முதல்லயே சொன்னேனே!"