வலது பக்கத்துக் கப்

அது பாறைக்குப் பாறை தாவுகிற சைக்கிள். தாவித் தாவியே அதன் பெடல் அச்சு தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டது. மறுநாள் போட்டி. அச்சை மாற்ற, அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கப்புகளைக் கழற்ற வேண்டும். ஸ்பேனர் வந்தது.

இடது கப் ஒரே இழுப்பில் கழன்றது. வலது கப்பையும் ஸ்பேனர் அதே மாதிரி திருப்பியது.

“அண்ணே, எனக்கு மரை எதிர்ப்பக்கம். இப்படித் திருப்பினா இன்னும் இறுகும்” என்றது கப்.

“ஆயிரம் நட்டு கழட்டினவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?”

ஸ்பேனர் முழுப் பலத்தோடு இழுத்தது. கப்பின் விளிம்பு மழுங்கியது.

“மரை போச்சுன்னா ஃபிரேமையே தூக்கிப் போட்டுருவாங்கண்ணே!”

ஸ்பேனர் இன்னும் ஓங்கி இழுத்து, வழுக்கித் தரையில் விழுந்தது. எழுந்து, எதுவும் நடக்காததுபோல் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பியது. கப் சத்தமில்லாமல் கழன்று வந்தது.

“பாத்தியா? நான் அவ்வளவு இழுத்ததாலதான் இளகுச்சு.”

விளிம்பு மழுங்கிய கப் பழைய இரும்புப் பெட்டிக்குப் போனது.

அதன் இடத்துக்குப் புதுக் கப் வந்தது. ஸ்பேனர் அதனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது:

“இதுக்கு முன்னாடி இங்க இருந்தவன் சரியான பிடிவாதக்காரன், தம்பி. நீயாவது சொன்ன பேச்சைக் கேளு.”