கடைசி அட்டை

“இன்னும் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இடம் இருக்கு. யாருக்கு? நீங்களே சொல்லுங்க” என்றார் கணக்கெடுக்க வந்த அதிகாரியம்மா.

பள்ளிக்கூட வகுப்பறைத் தரையில், தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. வசதியான வீடுகள் ஜன்னல் பக்கம். ரொம்பக் கஷ்டப்படுகிற வீடுகள் கதவுப் பக்கம். கதவுப் பக்கத்து இருபது வீடுகளுக்கு மாதாமாதம் அரசு உதவி. யார் எந்தப் பக்கம் என்று தெருக்காரர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். பத்தொன்பது முடிந்துவிட்டது.

அதிகாரியம்மா, புதிதாகக் குடிவந்த டிரைவர் வீட்டு அட்டையை எடுத்தார்.

“ஜன்னல் பக்கம் வைங்க மேடம். வாசல்ல பைக் நிக்குது” என்றார் டெய்லர்.

“காலையில டாண்ணு மிக்ஸி ஓடுது. கூட்டத்துக்குக்கூட வரலை பாருங்க, அவ்வளவு மிதப்பு!” என்றாள் அவர் மனைவி.

“அந்த பைக் நகர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. சீட்டுல சிலந்தி குடித்தனம் நடத்துது.”

பின்னாலிருந்து வந்த குரலுக்கு எல்லோரும் திரும்பினார்கள். சிசிடிவி அக்கா! யார் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது, யார் வீட்டில் சண்டை என்று எட்டிப் பார்ப்பவளுக்குத் தெரு வைத்த பெயர்.

“உன் அட்டைதான் ஜன்னல் பக்கம் போயாச்சே, அடுத்த வீட்டுக் கவலை உனக்கெதுக்கு?” என்று சிரித்தாள் டெய்லர் மனைவி.

“சிரி, நல்லாச் சிரி. ரெண்டு குழந்தைங்க இருக்கிற வீடு. குப்பைப் பையில பத்து நாளா ஒரு வெங்காயத் தோல் கிடையாது.”

“அடுத்தவங்க குப்பையைப் பார்க்க வெட்கமா இல்லையாக்கா?”

“கதவைச் சாத்திக்கிட்டா வேற எப்படித்தான் தெரியும்?”

“சரிம்மா, மிக்ஸி ஓடுதுங்கிறாங்களே?” என்றார் அதிகாரியம்மா.

“வெறும் ஜாரு மேடம். உள்ள ஏதாவது கிடந்தா கரகரன்னு இழுத்து அரைக்கும். இது ‘ங்கொய்’னு சும்மா சுத்துது. அக்கம்பக்கம் கேக்கட்டும்னு ஓட்டுறாங்க.”

டெய்லரே குனிந்து அந்த அட்டையைக் கதவுப் பக்கம் நகர்த்தினார். இருபது. கையெழுத்து வாங்கிப் பட்டியலை மூடினார் அதிகாரியம்மா.

வெளியே வரும்போதும் டெய்லர் மனைவிக்கு ஆறவில்லை.

“ஏன்க்கா, அந்தச் சத்தத்தை நானுந்தான் தினம் கேக்குறேன். வெறும் ஜாருன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சிசிடிவி அக்கா நிமிரவில்லை.

“எங்க வீட்லயும் அதானேடி ஓடுது.”