வலப்பக்கக் காற்று

"வலப்பக்கக் காற்று! வழிவிடுடா!"

தொண்டை கிழியக் கத்தினான் யெர்கோ. பாய்மரப் போட்டியில் எதிரே சாய்ந்து வந்துகொண்டிருந்த ஷிமேயின் படகு ஒதுங்குவதாகத் தெரியவில்லை.

பாய்மரம் கட்டத் தெரிந்த எவனுக்கும் தெரிந்த முதல் விதி இது. வலப்பக்கம் காற்று வாங்கி வருகிற படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கி வருகிறவன் வழிவிட வேண்டும். விஸ் தீவில் இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஷிமே வழிவிடவில்லை. கையை வீசி ஏதோ கத்தினான். காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"கையை வேற ஆட்டறான் பாரு, திமிரு!" என்றான் யெர்கோவின் படகில் கயிறு பிடித்திருந்த தின்கோ.

இடித்துவிடப் போகிறான் என்றான பிறகு, யெர்கோ பல்லைக் கடித்துக்கொண்டு சுக்கானை வெடுக்கென்று வலது பக்கம் வளைத்தான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு வேகமிழந்து நின்றேபோனது.

ஷிமே முதலாவதாக வந்தான். யெர்கோ இரண்டாவது.

கரையில் கால் வைத்ததும் ஷிமேயின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான் யெர்கோ.

"ஆறு வருஷமா பேச்சுவார்த்தை இல்லேன்னா, ஆளையே கொல்லப் பார்ப்பியா? தினமும் ஃபெர்ரியில நானூறு பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன்யா நான். என்கிட்டயே விதியை மீறுறியா?"

ஷிமே சட்டையை மட்டும் விடுவித்துக்கொண்டான்.

விசாரணை மேசையில் நடுவர் தோன்கா கேட்டாள்.

"ஷிமே, அவருக்குத்தானே வழி? ஏன் விடலை?"

"விட்டிருக்கணும். விடலை."

"ஏன்னு கேக்கிறேன்."

"தப்பு என்மேலதான். எழுதிக்கோங்க."

"பாத்தீங்களா, எவ்வளவு அலட்சியம்! இவனை ஒரு வருஷம் கடல்லயே இறங்க விடக்கூடாது!" மேசையைத் தட்டினான் யெர்கோ.

தோன்கா எழுதினாள். ஷிமேயின் வெற்றி செல்லாது. அடுத்த ஆண்டுப் போட்டியிலும் இடமில்லை.

ஷிமே தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

"போடா, போ! இனிமே குளத்துல போய்க் காகிதக் கப்பல் விடு!"

கூட்டம் சிரித்தது. தனக்கு வந்த வெற்றிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகும் யெர்கோவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

முக்குளிக்கும் உடையோடு, முகம் வெளிறிய ஒரு வாலிபன் வந்து நின்றான்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. போட்டி நடக்கிற பக்கம்னு தெரியாம மீன் குத்த இறங்கிட்டேன். மூச்சு வாங்க மேல வந்தா, உங்க படகு மூக்கு நேரா என் தலைக்கு வருது. ரொம்பக் கிட்ட வந்துதான் திருப்பினீங்க."

"என் படகா? நான் உன்னைப் பாக்கவே இல்லையே!"

"பாய் மறைச்சிருக்கும். எதிர்ல வந்தவருக்குத் தெரிஞ்சிருக்கு. கத்தினார், கையைக் காட்டினார், கடைசியில படகையே குறுக்கே விட்டார்."

யெர்கோ கோப்பையைக் கீழே வைத்தான். "இதை... உள்ளே வந்து சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குத்தான் வந்தேன். வாசல்லயே அவர் தடுத்துட்டார். 'வாயைத் திறக்காதே தம்பி. ஆளைக் கவனிக்காம ஓட்டினான்னு தெரிஞ்சா, அவனோட ஃபெர்ரி லைசென்ஸ் போயிடும்'னார்."