கால் கிலோ சட்டை

பழைய துணியைக் கொடுத்துச் சர்க்கரை வாங்கும் ரேஷன் வரிசையில் நின்ற தமயந்தி, இறந்துபோன கணவரின் சட்டையை நீட்டினாள்.

“சுத்தப் பருத்திதானே அக்கா? பாலியெஸ்டர் கலந்திருந்தா என்சைம் தொட்டியில கரையாது” என்றான் கடைக்காரன் இசக்கி.

“பருத்திதான். அவருக்கு வேற துணி சேராது.”

ஒரு மணி நேரத்தில் சட்டை கால் கிலோ சர்க்கரையானது. கரையாத பொத்தான்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த இசக்கி, “அண்ணனுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டான்.

“சக்கரைதான். மொதல்ல காலை எடுத்தாங்க. அப்புறம் ஆளே போயிட்டாரு.”

அவருக்காகப் பதினெட்டு வருடம் அந்த வீட்டில் யாருமே டீயில் சர்க்கரை போட்டதில்லை. அன்று சாயங்காலம் தமயந்தி போட்டாள். மகள் மேகலா ஒரு வாய் குடித்துவிட்டு, “இனிப்பு பத்தலையேம்மா” என்றாள்.

“அப்பா சட்டை இன்னும் நாலு கெடக்கு” என்றாள் தமயந்தி.