கரிக்கு ஊற்றிய தண்ணீர்

கேட்டுவிடாதே. போன தடவை மாதிரியே இந்தத் தடவையும் மறந்துவிட்டுப் போய்விடு, என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

தள்ளுவண்டிச் சத்தம் ஆய்வகத்தின் வாசலில் வந்து நின்றது. வேலை முடிந்த பல்லேடியத் தூளை வாங்கிப்போய், அதிலுள்ள விலையுயர்ந்த உலோகத்தைப் பிரித்து உருக்கித் தருகிற கம்பெனியின் ஆள். அலமாரி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் அடுக்கினான்.

அவள் கண் கடைசி பாட்டிலை விட்டு நகரவில்லை. அடியில் கறுப்புத் தூள். மேலே ஒரு விரற்கடைத் தண்ணீர்.

பல்லேடியம் ஏற்றிய கரித்தூளைக் காயவிடக் கூடாது என்பது இங்கே பாலபாடம். அது ஒரு வினையூக்கி; மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டு, தான் மாறாமல் வெளியே வரும். ஆனால் வடிகட்டும்போது காய்ந்தால், காற்று பட்டதுமே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் மெத்தனால் மாதிரி எரியும் திரவம் இருந்தால் அறையே போய்விடும். தூள் தண்ணீருக்குள் போகும்வரை, தலைபோகிற அவசரமானாலும் வடிகட்டுகிறவர் இடத்தைவிட்டு அசையமாட்டார்.

அன்றைக்கு அவள் கணவனும் அசையவில்லை.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். தூளை வழித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகிவிட்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தான்.

அடுத்த அறையின் சோதனைக் கருவியை விட்டுவிட்டு அவள் ஓடி வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. குடுவையிலிருந்து கழற்றிய ஹைட்ரஜன் பலூன், காலையில் பார்த்த அதே புடைப்போடு மேசையில் கிடந்தது.

கொஞ்சம் முன்னாடி கூட்டி வந்திருந்தால், என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நுழைவாசலில் அவன் படத்தை மாட்டினார்கள். தன்னுயிரைப் பாராமல் எல்லாரையும் காத்தவர் என்று கீழே எழுதினார்கள். மகள் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அழாமல் தூங்கினாள்.

வண்டிக்காரன் கடைசி பாட்டிலுக்கு வந்துவிட்டான்.

“என்னக்கா, இதுக்கு மட்டும் தெனம் தண்ணி ஊத்தி வளக்கறீங்களாமே, மொளைக்கவா போவுது?” சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். “குடுங்கக்கா. அண்ணன் கை பட்டது. தனியா உருக்கி படத்துக்குக் கீழ பதிக்கணும்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. எவ்வளவு தேறுதுன்னு பாத்துச் சொல்றோம்.”

எவ்வளவு தேறும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் கடைசியாக வடித்தெடுத்த திரவத்தை, விடுப்பு முடிந்து திரும்பிய அன்று அவள்தான் சோதித்தாள். திரையில் இரட்டைப் பிணைப்பின் கோடுகள் கொஞ்சமும் குறையாமல் நின்றன. ஹைட்ரஜன் உள்ளே போகவே இல்லை.

அப்போதே எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். புது பல்லேடியம் டப்பாவின் முத்திரை உடைபடாமல் இருந்தது. திறந்திருந்தது பக்கத்து டப்பா. அதே கறுப்பு, அதே உயரம். உலோகம் ஏற்றாத வெறும் கரி.

காயவிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவள் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். இறுக்கித் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“இது இங்கயே இருக்கட்டும் தம்பி,” என்றாள். “காஞ்சிடக் கூடாது.”